அளவுகோல் யார் கையிலே?

“இடம் உண்டு, ஆனால் தகுதி வேண்டும்!”

“தகுதி உண்டா? மகிழ்ச்சி. கட்டணம் எங்கே?”

“கட்டணமும் உண்டா? சரி, நீ எந்த இனத்தான்? எவர் வீட்டுப் பிள்ளை?”

உயர்ந்த கல்விக்கூடங்களின் வாயிலிலே வந்து நின்ற எளியவர் செவியிலே, காலந்தோறும் விழுந்து வந்த கேள்விகள் இவை. கேள்விகளின் வரிசை மாறியதுண்டு. கேட்பவரின் குரலிலே கனிவு கூடியதும் உண்டு. எனினும், முதற் கேள்விக்கு விடை தந்தவனை இரண்டாவது கேள்வியாலும், இரண்டையும் வென்றவனை மூன்றாவதாலும் தடுத்து நிறுத்தும் முறை எளிதிலே மறைந்துவிடவில்லை. அந்த முறை எப்படிப் பிறந்தது, எப்படி வளர்ந்தது, அதை எவர் எந்தப் படைக்கலம் கொண்டு எதிர்த்தனர் என்பதை, அமெரிக்க நாட்டுச் சட்டக் கல்லூரிகளின் வரலாற்றைக் கொண்டு ஆராய விரும்புகிறோம்.

ஏன் சட்டக் கல்லூரி? மருத்துவன் நோயாளியைக் காப்பாற்றுகிறான். பொறியாளன் பாலம் கட்டுகிறான். சட்டம் கற்றவனோ, எவருக்கு மருத்துவமனையின் கதவு திறக்க வேண்டும், எவர் பாலத்தின்மீது நடக்கலாம் என்பதையே முடிவு செய்யும் இடத்துக்குப் போகிறான். அமெரிக்காவிலே நீதிபதிகளும், ஆளுநர்களும், குடியரசுத் தலைவர்களிற் பலரும் வழக்கறிஞர்களாக இருந்தவர்களே. ஆகவே, அந்நாட்டுச் சட்டக் கல்லூரியின் வாயில், வெறும் பள்ளிக்கூடத்து வாயிலன்று; ஆட்சி மண்டபத்தின் வாயில்!

படிப்பகமும் படிக்கட்டும்

முன்னாளிலே அந்த வாயிலுக்குக் கதவே இல்லை எனலாம். ஆபிரகாம் லிங்கன் எந்தச் சட்டக் கல்லூரியிலே படித்தார்? எதிலும் இல்லை! இரவல் வாங்கிய நூல்களைத் தாமே படித்து, 1836இல் வழக்கறிஞராகும் உரிமை பெற்றார். மூத்த வழக்கறிஞரிடம் எழுத்தராக அமர்ந்து தொழில் கற்பதே அந்நாளைய பொது வழக்கம்.

1870இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் தலைவராக வந்தார் கிறிஸ்டபர் கொலம்பஸ் லாங்டெல். தீர்ப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, கேள்வி கேட்டு, மாணவனையே சிந்திக்க வைக்கும் முறையைப் புகுத்தினார். படிப்புக் காலம் மூன்றாண்டாக நீண்டது. ஆண்டுத் தேர்வு வந்தது. கல்லூரிப் பட்டம் பெறாதவன் உள்ளே வர வேண்டுமாயின், இலத்தீன் மொழியிலும் தேர்வு எழுத வேண்டும் என்றாயிற்று. பின்னாளிலே பட்டம் இன்றி நுழைவதே இயலாததாயிற்று.

கற்பிக்கும் முறை உயர்ந்தது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், உழவனின் வழக்கையும் தொழிலாளியின் வழக்கையும் நடத்துவதற்கு இலத்தீன் எதற்கு? அதைக் கற்பிக்கும் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப எவரிடம் பொருள் இருந்தது? படிப்பகத்தின் தரம் உயர்ந்தபோதே, அதற்கு ஏறிச் செல்லும் படிக்கட்டின் உயரமும் கூடிவிட்டது.

இரவிலே ஏற்றிய விளக்கு

பகலெல்லாம் உழைப்பவன் என்ன செய்வான்? இரவிலே படிப்பான்! 1906இல், பாஸ்டன் நகரிலே கிளீசன் ஆர்ச்சர் என்னும் இளம் வழக்கறிஞர், தம் வீட்டிலேயே மாலை வகுப்பு தொடங்கினார். அதுவே சஃபோக் சட்டக் கல்லூரியாக வளர்ந்தது. இரண்டாண்டு கழித்து, 1908இல், அதே நகரிலே பெண்களுக்கெனவே ‘போர்ஷியா’ சட்டப் பள்ளி தோன்றியது. ஆற்றைக் கடந்தால் ஹார்வர்டு. ஆனால் அங்கே பெண்ணுக்கு இடமில்லை. 1950ஆம் ஆண்டுவரை இல்லை!

குடியேறி வந்த இத்தாலியர், யூதர், ஐரிஷ்காரர் ஆகியோரின் பிள்ளைகள் இரவுப் பள்ளிகளை நிரப்பினர். கடையிலே கணக்கு எழுதியவனும், டிராம் வண்டி ஓட்டியவனும் சட்ட நூலைப் புரட்டினான். உடனே எழுந்தது ஒரு குரல் – “தரம் கெடுகிறது!”

அந்தக் குரலை எழுப்பியவர்களிலே முதல் வரிசையில் நின்றது அமெரிக்க வழக்கறிஞர் கழகம். அந்தக் கழகத்தின் உள்ளம் எத்தகையது? 1912இல், கறுப்பினத்தவர் என்று அறியாமல் மூன்று வழக்கறிஞர்களை உறுப்பினராகச் சேர்த்துவிட்டது. அவர்களுள் ஒருவரான வில்லியம் லூயிஸ், நாட்டின் துணைத் தலைமை வழக்கறிஞர் பதவியிலே இருந்தவர்! அவருக்குச் சட்டம் தெரியாது என்று எவரும் கூறவில்லை, கூறவும் இயலாது. ஆயினும், அதன்பின் விண்ணப்பிப்போர் தம் இனத்தைக் குறிப்பிட வேண்டும் என்று விதி செய்தனர். கறுப்பின வழக்கறிஞர்கள் 1925இல் தமக்கெனத் தனிக் கழகம் அமைத்துக்கொண்டனர்.

இந்தக் கழகம்தான் 1921இல், எலிஹூ ரூட் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஏற்று, சட்டக் கல்லூரியில் சேர்வதற்கு முன் குறைந்தது ஈராண்டு கல்லூரிப் படிப்பு வேண்டும் என்று தீர்மானித்தது. அதே ஆண்டில், கார்னகி அறக்கட்டளைக்காக ஆராய்ந்த ஆல்ஃபிரட் ரீட், சட்டம் என்பது மக்களாட்சியின் பொதுத் தொழில், எனவே அது எளியவருக்கும் எட்ட வேண்டும், இரவுப் பள்ளிகளுக்கும் அதிலே இடமுண்டு என்று எழுதினார். கழகம் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

நேர்மையோடு ஒன்று கூற வேண்டும். இரவுப் பள்ளிகள் எல்லாமே நல்லவை அல்ல. நூலகமின்றி, நல்ல ஆசிரியரின்றி, கட்டணம் பறிப்பதையே நோக்கமாகக் கொண்டவையும் இருந்தன. அறைகுறையாகக் கற்றவனிடம் வழக்கை ஒப்படைத்துச் சிறை செல்பவன் யார்? அவனும் ஏழைதான்! மதிப்பெண் ஏட்டைக் கையிலே வைத்திருக்கும் ஆசிரியர்களாகிய நாம், அளவுகோலே வேண்டாம் என்று வாதிடுவோரல்லோம். அளவுகோல் எதை அளக்கிறது? எவர் கையிலே இருக்கிறது? நம் கேள்வி இதுதான்.

ஹூஸ்டன் எடுத்த அளவுகோல்

அந்தக் கேள்விக்குச் செயலால் விடை தந்தவர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். கறுப்பின மகன்; ஹார்வர்டிலே 1922இல் சட்டப் பட்டம் பெற்றவர்; அங்கே வெளிவரும் சட்ட இதழின் ஆசிரியர் குழுவிலே இடம்பெற்ற முதற் கறுப்பினத்தவர். 1929இல் அவர், வாஷிங்டன் நகரத்து ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியை நடத்தும் பொறுப்பை ஏற்றார். ஹார்வர்டு வேறு, ஹோவர்டு வேறு. பெயரின் ஒலியிலே நெருக்கம். செல்வத்திலும் செல்வாக்கிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவு.

ஹோவர்டிலே அந்நாளில் மாலை வகுப்பே நடந்து வந்தது. ஹூஸ்டன் அதை மூடினார். முழுநாட் பள்ளியாக்கினார், நூலகத்தைப் பெருக்கினார், தேர்வைக் கடுமையாக்கினார். 1931இல் அமெரிக்க வழக்கறிஞர் கழகத்தின் ஏற்பும் கிடைத்தது. பகலிலே உழைத்து இரவிலே படித்த கறுப்பினத் தோழர்களுக்கு இதனால் இழப்பு நேர்ந்தது, எதிர்ப்பும் கிளம்பியது. அந்த இழப்பை நாம் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஹூஸ்டனின் நோக்கம் வேறு. ஆதிக்கக்காரன் தரம் என்ற சொல்லை வேலியாக நட்டான். ஹூஸ்டன் அதையே ஏணியாக்க முனைந்தார். சமுதாயத்தைச் செப்பனிடும் பொறியாளனாக இல்லாத வழக்கறிஞன் அதனை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணியே என்பது அவர் மாணவருக்குக் கற்பித்த பாடம்.

அந்த மாணவருள் ஒருவர் பால்டிமோர் நகரத்துத் தர்குட் மார்ஷல். அவர் ஊரிலேயே இருந்தது மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி; அங்கே கறுப்பினத்தவருக்கு இடமில்லை. எனவே நாள்தோறும் வாஷிங்டனுக்குப் பயணம். கட்டணத்துக்கு என்ன செய்வது? பள்ளி ஆசிரியையான அவர் தாய், தம் திருமண மோதிரத்தை அடகு வைத்தார். 1933இல் வகுப்பின் முதல் மாணவராகத் தேறினார் மகன்.

135 டாலரும் 203 டாலரும்

இரண்டே ஆண்டுகளில், தம்மை ஏற்காத அந்தக் கல்லூரியின் மீதே மார்ஷல் வழக்கு நடத்தினார். உடன் நின்றார் ஆசான் ஹூஸ்டன். வழக்குத் தொடுத்த டொனால்டு மரே, பெயர் பெற்ற ஆம்ஹர்ஸ்டு கல்லூரியின் பட்டதாரி. நிறம் ஒன்றைத் தவிர, சேர்க்கைக்கு வேண்டிய தகுதிகள் எல்லாம் அவருக்கு இருந்தன என்பது மறுக்கப்படாத உண்மை. “தகுதி! தகுதி!” என்று முழங்கியோர், தகுதி எதிரே வந்து நின்றபோது கதவை அடைத்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மாநிலம் சொன்ன சமாதானம் – வெளியூர்ப் பள்ளிகளிலே படிக்க உதவித்தொகை தருகிறோம்! எவ்வளவு? மொத்தம் 10,000 டாலர். ஆளுக்கு 200 டாலர். கணக்குப் போட்டால் ஐம்பது பேருக்குத்தான் எட்டும். விண்ணப்பித்தோரோ நூற்றுக்கு மேல்!

1936 சனவரியில் தீர்ப்பளித்த மேரிலாந்தின் உயர்ந்த நீதிமன்றம், இரு கல்லூரிகளின் செலவையும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஹோவர்டிலே ஆண்டுக் கட்டணம் 135 டாலர். மேரிலாந்தின் பகல் பள்ளியிலே 203 டாலர். “பார்த்தீர்களா, வெளியே போனால்தான் மலிவு!” என்று கூறத் தோன்றும். நீதிமன்றம் அங்கே நிற்கவில்லை. பால்டிமோரிலே வாழும் மாணவன் வாஷிங்டனுக்கு நாள்தோறும் போய்வர ஆகும் செலவு என்ன? அங்கேயே தங்கினால் உண்ணவும் உறங்கவும் ஆகும் செலவு என்ன? உள்ளூரிலே, தன் வீட்டிலிருந்தே படிப்பவனுக்கு இந்தச் சுமை உண்டா? இவற்றையும் கூட்டிப் பார்த்தது. மேரிலாந்து மாநிலத்திலேயே தொழில் நடத்தப் போகிறவன், அம்மாநிலச் சட்டத்தை அங்கேயே கற்பதன் பயனையும் எண்ணிப் பார்த்தது. மரே வென்றார். கல்லூரி அவரை 1935இலேயே, கீழ்மன்றத்தின் ஆணைப்படி, சேர்த்துக்கொண்டிருந்தது. 1938இல் பட்டத்தோடு வெளிவந்தார்.

கட்டண அட்டையிலே அச்சிட்டிருப்பது கல்வியின் விலையிலே ஒரு பகுதிதான். வழிச் செலவும், வாடகையும், வேலையை விட்டதால் போகும் கூலியும் அந்த அட்டையிலே காணப்படுவதில்லை. ஏழை மட்டுமே அறிந்த கணக்கு அது.

அதே கணக்கை மிசூரி மாநிலமும் போட்டது. லாயிடு கெய்ன்ஸ் என்ற கறுப்பின இளைஞரை அண்டை மாநிலத்துக்குப் போகச் சொல்லி, கட்டணத்தைத் தருவதாகக் கூறியது. 1938 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தன் எல்லைக்குள்ளே வெள்ளையனுக்குத் தருவதைக் கறுப்பினத்தவனுக்கும் தன் எல்லைக்குள்ளேயே தர வேண்டியது மாநிலத்தின் கடமை என்று தீர்ப்பளித்தது. வென்ற கெய்ன்ஸ் கல்லூரிக்குள் நுழையவில்லை. 1939 மார்ச்சில் சிகாகோ நகரிலே காணாமற்போனார். என்ன ஆனார் என்பது தெரியவே இல்லை.

நூலை எண்ணலாம், மதிப்பை எண்ணலாமா?

“எல்லைக்குள் தர வேண்டுமா? தருகிறோம், தனியாக!” என்றது டெக்சாஸ். 1946இல் டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியிலே இடம் கேட்டவர் ஹீமன் ஸ்வெட் என்னும் அஞ்சல்காரர். அவருக்காக அவசர அவசரமாக, நிலவறை அறைகளிலே ஒரு சட்டப் பள்ளியைத் திறந்தனர். அதிலே சேர மறுத்தார் ஸ்வெட்.

உச்ச நீதிமன்றம் 1950 சூன் 5ஆம் நாள் அளித்த தீர்ப்பிலே, கணக்கைப் பாருங்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியிலே முழுநேரப் பேராசிரியர் 16 பேர், பகுதிநேரத்தவர் மூவர், மாணவர் 850 பேர், நூல்கள் 65,000. கறுப்பினத்தவர்க்கென அமைத்த பள்ளியிலே, வழக்கு நடந்த காலத்திலே வளர்ந்த பிறகும், பேராசிரியர் ஐவர், மாணவர் 23 பேர், நூல்கள் 16,500.

நீதிமன்றம் எண்ணோடு நிற்கவில்லை. ஆசிரியர்களின் புகழ், பழைய மாணவர்களின் செல்வாக்கு, நாட்டிலே அக்கல்லூரிக்கு உள்ள மதிப்பு ஆகியவற்றை எண்ணிக் காட்ட இயலாது. ஆயினும் ஒரு சட்டக் கல்லூரியின் பெருமை அவற்றிலேதான் அடங்கியுள்ளது என்றது. மற்றொன்றும் கூறியது. அந்தத் தனிப் பள்ளி ஒதுக்கி வைத்த இனத்தாரே மாநில மக்களில் 85 விழுக்காட்டினர். பின்னாளிலே ஒரு வழக்கறிஞன் சந்திக்க வேண்டிய நீதிபதிகளும், சாட்சிகளும், எதிர் வழக்கறிஞர்களும் பெரும்பாலும் அவர்களே. அவர்களைக் காணாமலே கற்பது என்ன சட்டக் கல்வி?

புகழ்பெற்ற கல்லூரி எதை விற்கிறது என்ற மறைபொருள் இங்கே வெளிப்பட்டுவிட்டது. நூலை எங்கும் வாங்கலாம். பாடத்தை எங்கும் கேட்கலாம். அது தருவது தொடர்பு! பக்கத்து இருக்கையிலே அமர்ந்தவன் நாளைய நீதிபதி என்ற தொடர்பு! அதனால்தான் அந்த வாயிலுக்கு அவ்வளவு காவல்.

ஸ்வெட் வென்றார், சேர்ந்தார், ஆனால் நெடும் போராட்டத்திலே உடலும் உள்ளமும் நொந்தவர், சட்டப் படிப்பை முடிக்க முடியாமல் 1952இல் விலகினார். அவர் வழக்கு முதலிலே நடந்த ஆஸ்டின் நகரத்து நீதிமன்றக் கட்டடத்துக்கு இன்று அவர் பெயர். ஹூஸ்டனோ, இந்தத் தீர்ப்பைக் காணவில்லை. ஆறு வாரங்களுக்கு முன்பே, 1950 ஏப்ரலில், மறைந்தார். அவர் மாணவர் மார்ஷல், 1954இல் பள்ளிகளின் இனப் பிரிவினையையே வீழ்த்தினார். 1967இல் உச்ச நீதிமன்றத்தின் முதற் கறுப்பின நீதிபதியானார். மேரிலாந்து சட்டக் கல்லூரியின் நூலகம் இன்று தாங்கி நிற்பது அவர் பெயரை!

பெண்ணின் கதையும் ஒன்று உண்டு. பாலி மரே என்பவர் 1938இல் வட கரோலினா பல்கலைக்கழகத்திலே இடம் கேட்டார். கறுப்பினத்தவர் என்று மறுத்தனர். ஹோவர்டிலே சட்டம் கற்று, 1944இல் முதல் மாணவியாகத் தேறினார். மேற்படிப்புக்கு ஹார்வர்டின் கதவைத் தட்டினார். பெண் என்று மறுத்தனர். வகுப்பிலே முதலிடம் பெற்ற திறமையை ஒரு முறை நிறமும், மறுமுறை பாலும் தோற்கடித்தன.

இன்றைய வாயில்

இன, பால் தடைகள் சட்டப்படி நீங்கின. கதவு திறந்துவிட்டதா?

இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள், அரசின் உதவித்தொகையோடு கல்லூரிகளை மொய்த்தனர். 1948இல் சட்டக் கல்லூரிகளுக்கான பொது நுழைவுத் தேர்வு பிறந்தது. அதற்கு முன், பட்டதாரிகளைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டு, முதலாண்டு முடிவிலே ஏறத்தாழ மூன்றிலொருவரை வெளியேற்றுவது ஹார்வர்டின் வழக்கம். வாயில் அகலம்; உள்ளேதான் சல்லடை. இப்போது சல்லடை வாயிலுக்கே வந்துவிட்டது. இந்தத் தேர்வு, குடும்பப் பெயரைப் பாராமல் அளப்பதால் ஒரு வகையிலே நன்மை. ஆனால் பயிற்சிக்குப் பொருள் செலவிட்டவனையும், வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவனையும் ஒரே நாளிலே, ஒரே மணி நேரத்திலே அளந்துவிட்டு, வேறுபாட்டை ‘அறிவு’ என்று பெயரிட்டு அழைப்பது சரியாகுமா?

கட்டணமோ, 2024–25ஆம் கல்வியாண்டில் ஹார்வர்டு சட்டக் கல்லூரியிலே 77,000 டாலரைத் தாண்டியது. உணவும் உறைவிடமும் சேர்த்தால் ஓராண்டுச் செலவு 1,00,000 டாலருக்கு மேல். ஹார்வர்டும் யேலும் தேவை அறிந்தே உதவித்தொகை தருகின்றன. வேறு பல கல்லூரிகளோ, தரவரிசைப் பட்டியலிலே ஏறுவதற்காக, தேர்விலே உயர்ந்த எண் பெற்றவர்க்குக் கட்டணத்தைக் குறைக்கின்றன. பயிற்சிக்கு வசதி படைத்தவன் சலுகை பெறுகிறான். வசதியற்றவன் முழுக் கட்டணம் செலுத்துகிறான்! இந்தப் போக்கையும் ஒரு காரணமாகக் காட்டி, 2022 நவம்பரில் யேல் அந்தப் பட்டியலிலிருந்தே விலகியது, ஹார்வர்டும் விலகியது. அதே ஆண்டில், வறுமைக் கோட்டுக்குக் கீழான குடும்பத்து மாணவருக்கு முழுக் கட்டணத்தையும் ஏற்கும் திட்டத்தை யேல் அறிவித்தது. நல்ல அடி; பாராட்டலாம். ஆனால் யேலின் உள்ளே நுழைந்தவனுக்கன்றோ அது பயன்படும்?

2003இல் மிச்சிகன் சட்டக் கல்லூரி வழக்கிலே, சேர்க்கையின்போது இனத்தையும் ஒரு கூறாகக் கருதலாம் என்று ஏற்ற உச்ச நீதிமன்றம், 2023 சூனில் ஹார்வர்டு பல்கலைக்கழக வழக்கிலே அந்த வழியை அடைத்தது. 2023இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் முதலாண்டு வகுப்பிலே சேர்ந்த கறுப்பின மாணவர் 43 பேர். 2024இல் சேர்ந்தோர் 19 பேர். ஓராண்டுக் கணக்கைக் கொண்டு முடிவு கட்டிவிட இயலாது. ஆனால் பெற்ற உரிமையைக் காவலின்றி விட்டால் என்னவாகும் என்பதற்கு, எச்சரிக்கை மணியாக இதைக் கொள்ளலாம்.

தோழர்களே! தகுதி என்ற சொல்லைக் கேட்டவுடனே தலைகுனியவும் வேண்டாம், சீறவும் வேண்டாம். பகுத்தறிவாளர் செய்ய வேண்டியது கேள்வி கேட்பது. இந்த அளவுகோல் தொழிலுக்கு வேண்டிய திறனை அளக்கிறதா, இலத்தீனை அளக்கிறதா? அதை எட்டுவதற்கான செலவு என்ன, அச்சிட்ட கட்டணத்தோடு அச்சிடாத செலவையும் கூட்டினால்? அளவுகோலுக்கு ஏற்றவன் வந்து நின்றபோது, கதவு உண்மையிலேயே திறந்ததா?

மரேயும், ஸ்வெட்டும், பாலி மரேயும் மூன்றாவது கேள்வியை நீதிமன்றத்திலும் வாயிலிலும் கேட்டவர்கள். அதற்கு விடை சொல்ல முடியாமல் தடுமாறியவர்கள் தகுதி பேசியவர்களே. கேள்வி கேட்கும் ஆற்றலை அவர்களுக்குத் தந்தது கல்வி. அந்தக் கல்விக்காக எங்கோ ஒரு தாயின் மோதிரம் அடகுக் கடைக்குப் போயிற்று. இனி எந்தத் தாயும் அப்படிப் போக வேண்டாத நாள் வரும்வரை, அளவுகோலைப் பற்றிக் கேட்டுக்கொண்டேயிருப்பது நம் கடமை.